படிப்பகச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விளையாட்டுப் போட்டி, குடியரசு நாள் கொடியேற்றம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடு வழங்குதல் ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, நம்மைச் சுயமாகச் சிந்திக்க வைத்தவர்களின் எழுத்தை மாதந்தோறும் உரக்கப் படித்து விவாதித்ததாகும். 1925 மே 2 அன்று பெரியார் ஈரோட்டில் தொடங்கிய ‘குடிஅரசு’ இதழையும், அதில் அறிவியலையும் பொருள்முதல்வாதத்தையும் விளக்கி எழுதிய சிங்காரவேலரையும் படித்தபோது கூட்டம் ஓரளவு இருந்தது. அடுத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருக்கு மூன்று மாதம் ஒதுக்கியது அதிகம் என்று செயற்குழுவில் சிலர் குறைப்பட்டுக்கொண்டதால், விளக்கமளிக்கக் கடமைப்பட்டுள்ளேன். மயிலாடுதுறையை ஒட்டிய மூவலூரில் வளர்ந்து, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்தே அறிந்து, அதை ஒழிக்க மேடையேறிப் பேசி, 1936இல் நாவலாகவும் எழுதியவரை, 1947இல் ஒழிப்புச் சட்டம் வர உழைத்தவர்களுள் ஒருவரை, நம் பிள்ளைகள் அரசு உதவித் திட்டமொன்றின் பெயராக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். இது நமக்குப் பெருமையன்று.

அந்நாவலைப் படித்த ஒரு மாலை, நடவு முடித்துத் திரும்பிய பெண்கள் சிலர் கால் சேறு காயாமலே திண்ணையில் அமர்ந்து கேட்டனர். “அந்த அம்மாவ ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா?” என்று ஒருவர் கேட்ட கேள்வியில் பேச்சு அவரவர் வீட்டுக்குள் நுழைந்தது. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967 சட்டத் திருத்தம் ஏற்பு அளிப்பதற்கு முன்பே அவ்வாறு மணந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், உறவினர் எவரும் எட்டிப் பார்க்காத தம் திருமணத்தைப் பற்றி அன்றுதான் வாய் திறந்தார். மூன்று மாதம் போதவில்லை என்பதே என் கருத்து.

அந்த மாலையில் செயற்குழு உறுப்பினர் பலர் இல்லை. நடவு, அறுவடைக் காலத்தில் வர இயலாதது புரிகிறது. மேட்டூர் அணை மூடி, வயல் வேலை ஓய்ந்த பின்னரும் வராததை எவ்வாறு எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல்; விவரம் பேரேட்டில் உள்ளது. நகலெடுக்கவும் மின் கட்டணத்துக்கும் கைப்பணம் தந்தோருக்கும், இடம் கொடுத்த ஊராருக்கும் நன்றி.

வரும் ஆண்டில், கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய மணலூர் மணியம்மை, பி. சீனிவாசராவ் ஆகியோரைப் படிக்க எண்ணம். நூல்கள் வாங்க வேண்டும், ஒழுகும் கூரையையும் மாற்ற வேண்டும். சந்தா பாக்கியுள்ளோரின் பெயர்களை இவ்வறிக்கையில் சேர்க்கவில்லை. பொருளாளர் இரசீதுப் புத்தகத்துடன் கூட்டம் முடியும்வரை இங்கேயே இருப்பார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

செயலாளர்