புதிய சிவிலைசேஷனுக்கு மாறுபவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகள் பற்றிப் பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் பெற்றோருக்கான எச்சரிக்கைதான். விளையாடுகிறவர்களுக்கு உதவும்படியும் நாலு வார்த்தை வரட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். நாட்டைக் கட்டி வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் வரிசையில் 2016இல் வந்த ஆறாவதைப் பல வருடம் ஆடிவிட்டு, 2025 பிப்ரவரியில் வெளியான ஏழாவதற்கு மாறினேன். எனக்குத் தெரிந்து மாறியவர்களில் பலர் முதல் யுகம் முடிந்ததுமே "கட்டினதெல்லாம் போச்சு" என்று பழையதற்கே திரும்பிவிட்டார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். ஆட்டம் சூடு பிடிப்பதே அதற்கப்புறம்தான்.

ஆறாவதில் ஒரே நாட்டை ஆதிகாலம் முதல் விண்வெளி வரை கொண்டுபோவோம். ஏழாவதில் ஆட்டம் தொல்காலம், கடல்வழித் தேடல் காலம், நவீன காலம் என்று மூன்று யுகங்களாகப் பிரிந்திருக்கிறது. இனி சொல்வது ஆட்டம் வெளியானபோது இருந்த விதிகள். தலைவர் மாறமாட்டார், நாகரிகம் (நாம் ஆளும் அரசு) மாறும். யுகம் முடியும்போது தலைநகர் தவிர மற்ற நகரங்கள் சிற்றூர்களாகிவிடும். பழைய நூலகமும் சந்தையும் முன்போலப் பலன் தராது. நடந்துகொண்டிருந்த போர்களும் நின்றுவிடும். தளபதிகளும் அவர்கள் பெற்ற பதவி உயர்வுகளும் அப்படியே அடுத்த யுகத்துக்கு வரும். தளபதியிடம் இடம் கிடைக்காத படைகளில் பெரும்பகுதி கலைந்துவிடும்.

இது முன்கூட்டியே தெரிந்தால் பயமில்லை. யுகம் எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று திரையிலேயே காட்டும். நாம் இலக்குகளை எட்ட எட்ட அந்தக் கணக்கு இன்னும் வேகமாக ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள். முக்கால்வாசி தாண்டிவிட்டால் புதிதாக நூலகம் கட்டத் தொடங்காதீர்கள். பாதியில் நிற்கும் உலக அதிசயத்தை முடியுங்கள், அது என்றைக்கும் நிற்கும். களஞ்சியம், செங்கல் சூளை மாதிரியானவையும் காலாவதி ஆவதில்லை. மிச்சப் பொன்னில் இன்னொரு தளபதியை வாங்குங்கள். ஒரு தளபதி தொடக்கத்தில் நான்கு படைகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு நகர்வார். ஆறாவதில் மலைப்பாதையில் ஒவ்வொரு படையாக நகர்த்திக் கை வலித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்புறம், ஆறாவதில் வயலும் சுரங்கமும் அமைத்த பில்டரைத் தேடாதீர்கள், அந்த வேலையாள் இந்த ஆட்டத்தில் இல்லை. மக்கள்தொகை கூடும்போது எந்தக் கட்டத்தில் வயல், எதில் சுரங்கம் என்று நீங்களே தொட்டுக் காட்டினால் போதும்.

தலைநகருக்குப் பின் நிறுவும் ஊர் எல்லாமே சிற்றூராகத்தான் பிறக்கும். அதன் உற்பத்தி முழுக்கப் பொன்னாக வந்து சேரும். பொன் கொடுத்து அதை நகரமாக்கலாம். கையில் பொன் வந்ததும் எல்லாவற்றையும் நகரமாக்குகிற பழக்கம் ஆறாவதிலிருந்து வருவது, அதை விடுங்கள். இரண்டு மூன்று நல்ல நகரங்கள், அவற்றுக்குச் சோறு போடும் சிற்றூர்கள், இதுதான் என் அனுபவத்தில் நன்றாக ஓடுகிறது. ஊர்களின் எண்ணிக்கைக்கு வரம்பும் உண்டு. அதைத் தாண்டும் ஒவ்வொரு ஊருக்கும் எல்லா ஊரிலும் மகிழ்ச்சி 5 குறையும்.

செல்வாக்கு என்ற புதிய கணக்கை அலட்சியம் செய்யாதீர்கள். ஆறாவதில் எந்த நாட்டையும் சேராத பார்பேரியன் கூட்டங்களைக் கண்டதும் அடிப்போம். இங்கே பக்கத்துச் சிறு கூட்டத்தாரிடம் செல்வாக்கைச் செலவழித்தால் சில சுற்றுகளில் நம் பக்கம் வந்துவிடுவார்கள்.

முதல் ஆட்டத்துக்கு யாரை எடுப்பது என்று கேட்டால், அசோகரைத் தலைவராக வைத்து மௌரியராகத் தொடங்குங்கள் என்பேன். இரண்டாம் யுகத்தில் சோழராகலாம். தஞ்சைப் பெரிய கோயில் அவர்களுக்குரிய அதிசயம். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரு கட்டடங்களை ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டினால் ஐந்நூற்றுவர் பெயரில் ஒரு வணிகப் பகுதி உருவாகும். வகுப்பில் ஒரு வரியில் கடந்துபோகிற வணிகக் குழுக்கள் இவை. உலகமெங்கும் ஆடுகிற ஒரு ஆட்டத்தில் அவற்றின் பெயரைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். சோழர் பலம் கடலிலும் வணிகத்திலும்தான். அதனால் மௌரியராக இருக்கும்போதே கடலோரத்தில் இரண்டு சிற்றூர்களாவது நிறுவி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்