தாய்மார்களுக்கு நேர மேலாண்மை கற்றுத்தருபவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். வாழ்க்கையில் இலக்கு வைத்துக்கொள்வது எப்படி, நேரத்தைத் திட்டமிடுவது எப்படி என்றெல்லாம் வகுப்பெடுக்கிறீர்கள். அங்கே வந்து உட்காரும் தாய்மார்களில் நானும் ஒருத்தி. உங்கள் வேலையின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. இலக்கை எழுதி வைத்துக்கொண்டால் அதை நோக்கி நடப்பது எளிது என்பதை என் வாழ்க்கையிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் எங்களைப் பார்த்து நீங்கள் தவறாமல் சொல்லும் ஒரு யோசனை எங்களுக்கு உதவவில்லை. "வீட்டில் எல்லோரும் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்துகொள்ளுங்கள். அந்த அமைதியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று யோசித்து எழுதுங்கள்" என்கிறீர்கள். அதை விட்டுவிட்டு, ஆண்டில் ஓரிரு முறையாவது வீட்டைவிட்டு வெளியே போய் ஒரு முழுப் பகல் தனியாக யோசிக்கச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வருகிறது? தூக்கத்திலிருந்துதான். வளர்ந்தவர்கள் தினமும் குறைந்தது ஏழு மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பும் தூக்க ஆய்வுக் கழகமும் சேர்ந்து 2015-இல் பரிந்துரைத்தன. கைக்குழந்தை வைத்திருப்பவளுக்கு மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கக் கிடைப்பதே பெரிய விஷயம். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டாலும், எல்லோரும் படுத்த பிறகு மிச்ச வேலையை முடித்துவிட்டுத்தான் அவள் படுக்கப் போகிறாள். அவளிடம் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் எழு என்றால், வீட்டில் வேறு யாருடைய நேரமும் குறையக் கூடாது, உன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள் என்றுதானே அர்த்தம்? நீங்கள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் கேட்பவளுக்கு அது அப்படித்தான் போய்ச் சேர்கிறது. எழ முடியாத நாளில் தனக்கு மன உறுதி இல்லை என்று அவள் முடிவு கட்டிக்கொள்கிறாள்.

சரி, எழுந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நேரம் அவளுக்குச் சொந்தமா? காது முழுக்கப் பக்கத்து அறையில் இருக்கும். குழந்தை புரண்டு படுக்கும் சத்தம் கேட்டாலே பேனா நின்றுவிடும். கண்ணைத் திருப்பினால் கையெழுத்துப் போட வேண்டிய பள்ளிப் படிவம், மடிக்காத துணி, தீரப்போகிற மருந்துப் புட்டி. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அவளிடம் ஏதோ ஒரு வேலையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளைப் பேட்டி கண்டு 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குடும்பத்தை நடத்தும் மூளை வேலையை அவர் நான்காகப் பிரிக்கிறார்: வரப்போகும் தேவையை முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, எடுத்த முடிவு நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும்போது பெரும்பாலும் இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கடைசிவரை கண்காணிப்பதும்தான் அதிகமாகப் பெண்கள்மேல் விழுகின்றன. இந்த இரண்டுக்கும் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. அவள் உட்கார்ந்திருக்கும்போதும் அவை ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு வேலை முடியாமல் இருக்கும்போது இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று நிர்வாகவியல் ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் எழுதினார். அலுவலக வேலையை மனதில் வைத்துச் செய்த ஆய்வு அது. வீட்டில் எந்த வேலை முடிகிறது? அதனால்தான் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும் என்கிறேன். ஓடிப்போவதற்காக இல்லை. அந்தப் பொருட்கள் கண்ணில் படாத, அந்தச் சத்தம் காதில் விழாத இடத்தில்தான் "எனக்கு என்ன வேண்டும்" என்ற கேள்வி முழுதாக எழுந்து நிற்கும்.

நீங்கள் சொல்லித்தரும் பாடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். "முடிந்த அளவு செய்" என்பதைவிடத் தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்குதான் ஆளை நகர்த்தும் என்பது உளவியலாளர்கள் எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் பல ஆண்டு ஆய்வில் காட்டியது. தாய்மார்களிடம் இலக்கைக் கேட்டால் என்ன சொல்கிறோம்? "உடம்பைப் பார்த்துக்கணும்." "நின்றுபோன படிப்பை மறுபடி தொடங்கணும்." "ஏதாவது சொந்தமாகச் சம்பாதிக்கணும்." இவை மங்கலாக இருப்பதற்குக் காரணம் எங்களுக்கு ஆசை குறைவு என்பதில்லை. தெளிவாக்க வேண்டுமென்றால் எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு, வாரத்தில் எந்த மாலை, அந்த மாலையில் பிள்ளைகளை யார் பார்ப்பது, அதற்காக நான் எதைக் கைவிடுவது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அந்தக் கேள்விகள் வலிக்கும். சிலவற்றுக்கு அழுகையும் வரும். அதிகாலையின் அரைகுறை வெளிச்சத்தில், எந்த நிமிடமும் யாராவது "அம்மா" என்று கூப்பிடலாம் என்ற நிலையில், அந்தக் கேள்விகளைத் தொட மனசு துணியாது.

அப்புறம், "இந்த நேரம் வந்தால், இந்த இடத்தில், இதைச் செய்வேன்" என்று எழுதி வைக்கச் சொல்கிறீர்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் வகுத்த முறை அது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்து, அது நன்றாகவே வேலை செய்கிறது என்று காட்டினார்கள். நானும் அதை நம்புகிறேன். ஆனால் அந்த வாக்கியத்தில் வரும் நேரமும் இடமும் தாயின் கையில் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மாலை போய்விடும். கணவருக்கு வேலை நீண்டுவிட்டாலும் அதே மாலைதான் போகும். எனவே ஒரு தாய் எழுதும் திட்டத்தில் வீட்டிலுள்ள மற்ற பெரியவர்களும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அவளை மட்டும் திருத்தப் பார்க்கும் வகுப்பு பாதி வகுப்புதான்.

வீட்டைவிட்டுப் போகும் நாளை ஏதோ சலுகை போலப் பேசுவதையும் நிறுத்துங்கள். ஓய்வும் ஓய்வு நேரமும் எல்லா மனிதருக்கும் உரிமை என்று 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம் 24-ஆவது பிரிவில் சொல்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011 உடன்படிக்கை, வீட்டு வேலை செய்யும் தொழிலாளருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது. அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிற தாய்க்கு எந்த ஏட்டிலும் ஒரு மணி நேரம்கூட எழுதப்படவில்லை. அதே அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 1 மணி 23 நிமிடம். இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டு, அவளிடமே இன்னும் சீக்கிரம் எழு என்று எப்படிச் சொல்வீர்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாய்க்கு நேரம் கேட்டு வாதாடும் நல்ல மனிதர்கள்கூட, "அம்மா மகிழ்ச்சியாக இருந்தால்தான் குடும்பம் மகிழ்ச்சியாக இருக்கும்" என்று சொல்லித்தான் வாதாடுகிறார்கள். உங்கள் மேடைகளிலும் கேட்டிருக்கிறேன், கைதட்டலும் கிடைக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்குக் கிடைக்கும் அந்த ஒரு நாளும் கடைசியில் குடும்பத்துக்குச் செய்யும் சேவையாகவே ஆகிவிடுகிறது. அவள் புத்துணர்ச்சியோடு திரும்பி வந்து இன்னும் நன்றாக வேலை செய்வாள் என்பதற்காக விடுப்பு. அப்படியானால் சோர்வோடு திரும்பி வந்தால் அது வீணா? யோசித்துப் பார்த்து, குடும்பத்துக்குக் கொஞ்சம் அசௌகரியம் தரும் ஒரு முடிவோடு வந்தால்? வாரத்தில் இரண்டு மாலை நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொன்னால்? அவளுடைய இலக்கால் வீட்டுக்கு லாபமில்லை என்றாலும் அவளுக்கு அந்த நாள் உண்டு. பாடவோ, மலையேறவோ, நாற்பது வயதில் ஒரு புது மொழி கற்கவோ அவள் ஆசைப்படலாம். அதற்கு அவள் காரணம் காட்ட வேண்டியதில்லை.

பிள்ளை ஏங்கிப்போகாதா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். எட்டாம் மாதத்தை ஒட்டி அம்மா கண்ணில் படாவிட்டால் அழுவது குழந்தை வளர்ச்சியின் இயல்பான கட்டம். நன்றாகப் பழகிய இன்னொருவர் கூட இருந்தால் பிள்ளை அதைத் தாண்டிவிடும். தாய் முதலில் பிள்ளையின் தேவைக்கு ஏறக்குறைய முழுதாகத் தன்னை இசைத்துக்கொள்கிறாள், பிள்ளை தாங்கும் சக்தி வளர வளர மெல்ல விலகுகிறாள், அந்த விலகலும் வளர்ச்சிக்குத் தேவை என்று குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் எழுதி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எப்போதும் கூடவே இருக்கும் தாய் ஒருத்தியே நல்ல தாய் என்று அவர் சொல்லவில்லை.

வெளியே போகும் அந்த நாள் எப்படி இருக்கும் என்பதையும் உள்ளபடியே சொல்லிக்கொடுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் மனசு வீட்டிலேயே சுற்றும். அந்த நேரத்தில் இலக்கு எழுத உட்கார வேண்டாம். தலைக்குள் ஓடும் வேலைகளை எல்லாம் ஒரு தாளில் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் எப்போது, யார் என்று பக்கத்தில் குறித்துவிடலாம். இன்னும் முடிக்காத வேலை ஒன்றுக்குத் திட்டவட்டமான வழி எழுதிவிட்டால், அதைச் செய்து முடிக்காவிட்டாலும் அது வந்து வந்து தொந்தரவு செய்வது குறைகிறது என்று உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் காட்டியிருக்கிறார்கள். அதன் பிறகு நடக்கலாம், சும்மா உட்காரலாம். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் சொந்தக் குரல் கேட்கத் தொடங்கும். ரொம்பக் களைத்துப்போனவள் முதல் தடவை தூங்கிவிடக்கூடும். தூங்கட்டும். அவள் உடம்புக்கு அன்றைக்கு அதுதான் வேண்டியிருந்தது. இடம் பெரிதாக எதுவும் வேண்டாம். நூலகத்தின் ஒரு மூலை, ஆள் இல்லாத தோழியின் வீடு, மர நிழல் உள்ள பூங்கா போதும். உங்கள் விளம்பரங்களில் வருகிற மலைவாச விடுதி தேவையில்லை. அதைப் பார்த்துத்தான் பல பெண்கள் இது நமக்கானதில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

வீட்டை ஒப்படைக்கும் விதத்துக்குத்தான் நீங்கள் பாதி வகுப்பை ஒதுக்க வேண்டும். முந்தைய நாளே சமைத்து வைத்து, மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதி ஒட்டிவிட்டு, மணிக்கொரு தரம் போனில் "மருந்து கொடுத்தாச்சா" என்று கேட்டால் அவள் வேலையை விட்டு எங்கும் போகவில்லை, தூரத்திலிருந்து செய்கிறாள். பார்த்துக்கொள்பவர் கைகளோடு தலையையும் கொடுக்க வேண்டும். மதியம் என்ன, வீட்டுப்பாடம் என்ன, மாலையில் யாரைக் கூட்டிவர வேண்டும் என்று அவரே யோசிக்கட்டும். சட்டையில் கறை படலாம், தூங்கும் நேரம் தள்ளிப் போகலாம். அதை அவள் திரும்பி வந்து சரிசெய்யக் கூடாது, குற்றமும் சொல்லக் கூடாது. அவசரம் என்றால் மட்டும் அழைப்பது, எது அவசரம் என்று முன்பே பேசிக்கொள்வது: இவ்வளவு இருந்தால் போதும்.

எல்லோருக்கும் முழு நாள் வாய்க்காது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பவளுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் மார்பு கட்டிக்கொள்ளும். அவள் பக்கத்திலேயே ஓர் இடத்தில் அரை நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம், அல்லது பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். தனியாகப் பிள்ளை வளர்ப்பவளுக்கு ஒப்படைக்க ஆளே இல்லை. மாற்றுத்திறனுள்ள பிள்ளையையோ படுக்கையில் இருக்கும் பெரியவரையோ பார்த்துக்கொள்பவளுக்கும் அப்படித்தான். இரண்டு தாய்மார்கள் மாற்றி மாற்றிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஒரு வழி. ஆனால் இவர்களுக்கு உண்மையில் உதவக்கூடியவர்கள் நீங்கள்தான். உங்களிடம் அரங்கம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். தாய்மார்களுக்கான வகுப்பைப் பகலில் வையுங்கள். பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி உள்ளவர்களை அமர்த்துங்கள். பேச்சைக் குறைத்து, தனியாக உட்கார்ந்து யோசிக்கப் பல மணி நேரம் விடுங்கள். அதற்கு முந்தைய வாரம் வீட்டில் உள்ள மற்ற பெரியவர்களுக்கென்று ஒரு வகுப்பு நடத்தி, அன்றைய நாளை அவர்கள் எப்படி நடத்தப்போகிறார்கள் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அதிகாலை யோசனையை உங்கள் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இப்படி ஒரு வகுப்பை அறிவித்தால் முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறேன். இதுவரை உங்கள் பக்கமே வராத சில தோழிகளையும் கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வகுப்புக்கு வந்துபோன ஒரு தாய்