கல்விச் சுற்றுலா ஒப்புக்கொண்டபடி நடத்தப்படாதது குறித்த புகார்

அனுப்புநர்:
நான்காம் வகுப்பு ஆசிரியை,
தொடக்கப்பள்ளி, குளச்சல் வட்டாரம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
சுற்றுலா ஏற்பாட்டு நிறுவனம்,
நாகர்கோவில்.

பொருள்: நான்காம் வகுப்பு மாணவர்களின் கல்விச் சுற்றுலா – சேவைக் குறைபாடு – கட்டணத்தைத் திரும்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்காகத் தங்கள் நிறுவனம் கடந்த திங்கட்கிழமை நடத்திய ஒருநாள் சுற்றுலா குறித்து, வகுப்பாசிரியை என்ற முறையிலும் பெற்றோர் சார்பிலும் இப்புகாரை எழுதுகிறேன்.

முற்பகலில் பத்மநாபபுரம் அரண்மனை, பிற்பகலில் மாத்தூர் தொட்டிப்பாலம் என்று பேசி, தலைக்கு 600 ரூபாய் வீதம் 42 குழந்தைகளுக்கும் முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தியிருந்தோம். சனிக்கிழமை என்று முடிவாகியிருந்த பயணத்தை, பேருந்து இல்லை என்று காரணம் சொல்லித் திங்கட்கிழமைக்கு மாற்றியது தங்கள் அலுவலகம்தான். கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள அந்த அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை அறிந்தே நான் தொலைபேசியில் கேட்டேன். பள்ளிக் குழுவுக்கென்று தனி அனுமதி வாங்கியாகிவிட்டது என்று தங்கள் ஊழியர் உறுதியாகச் சொன்னார். வாசலில் போய் இறங்கியபோது கதவு பூட்டியிருந்தது. உடன் வந்த வழிகாட்டியிடம் அனுமதிக் கடிதமும் இல்லை, பேசுவதற்கு ஒரு அதிகாரியின் பெயரும் இல்லை. அறிவிப்புப் பலகையிலிருந்த விடுமுறை நாளைக் குழந்தைகள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "டீச்சர், இன்றைக்குத்தானே திங்கள்?" என்று என்னைக் கேட்டார்கள்.

இந்தப் பயணம் எங்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மா வென்றதை நினைவுகூரும் வெற்றித் தூணைத் தினமும் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இவர்கள். அந்த மன்னர் ஆண்ட தலைநகரையும், ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணக்கூடிய ஊட்டுப்புரையையும், கண்ணாடி போல் மின்னும் கறுப்புத் தரையையும் நேரில் காணப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் தம் கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்தார்கள். 1966இல் கட்டி முடிக்கப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரம் 115 அடி என்று சொன்னால் இந்த வயதில் மனத்தில் பதியாது என்பதால், பள்ளி மைதானத்தில் அத்தனை அடிக்குக் கயிற்றை நீட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அவர்களை நடக்க வைத்திருந்தேன். பறளியாற்றுக்கு மேலே இன்னொரு ஆறு போல எப்படித் தண்ணீர் போகிறது என்பதுதான் வகுப்பில் பலருக்கும் இருந்த கேள்வி.

அரண்மனை பூட்டியிருந்தால் அங்கிருந்து நேராக மாத்தூருக்குப் போயிருக்கலாம். நான் அதை வற்புறுத்தியும் கேளாமல், வழிகாட்டி பேருந்தை எதிர்த்திசையில் கன்னியாகுமரிக்குத் திருப்பச் செய்து, சங்கு, சிப்பிப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்களை நிறுத்தினார். கடற்கரையிலேயே பிறந்து வளரும் குழந்தைகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு சிப்பியைக் காட்டுவதை எந்த வகையில் கல்விச் சுற்றுலா என்பது? அருகிலேயே இருக்கும் காந்தி மண்டபத்துக்குக்கூட அழைத்துச் செல்லவில்லை. பிறகு, நேரமாகிவிட்டது என்று கூறி மாத்தூரையும் கைவிட்டார்கள்.

பெற்றோரில் பெரும்பாலோர் வள்ளத்துக்கும் முந்திரி ஆலைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். 600 ரூபாய் அவர்களுக்குச் சிறு தொகை அன்று. பிள்ளையின் படிப்புக்கு என்று நான் கேட்டதால்தான் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இன்று நான் நிற்கிறேன்.

எனவே, செலுத்திய 25,200 ரூபாயையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். அல்லது ஆண்டுத் தேர்வுக்கு முன்பாக, அரண்மனை திறந்திருக்கும் ஒரு சனிக்கிழமையில், தங்கள் செலவிலேயே இரண்டு இடங்களுக்கும் எங்களை அழைத்துச் செல்ல வேண்டும். இல்லாத அனுமதியை உண்டென்று சொன்னது ஏன் என்பதற்கு எழுத்துமூலமான விளக்கமும் தேவை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பெற்றோருடன் சேர்ந்து முறையிடுவேன். பணம் செலுத்திய ரசீதின் நகலையும் பயணத் திட்டத்தின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு ஆசிரியை