செல்விக்கு, கொக்கிரகுளத்திலிருந்து

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் நீ அழுகிறாய், உன் அம்மா பக்கத்தில் நின்று போனைப் பிடுங்குகிறாள், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவனுக்கு மகளுக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாதா? தம்பி இதைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவான்.

முதலில், கடன் செயலிக்காரன் உன்னை மிரட்ட எல்லோருக்கும் அனுப்பிய அந்தப் படம். எனக்கும் வந்தது, உன் மாமாவுக்கும் வந்தது, கடைக்கார அண்ணாச்சிக்கும் வந்தது. கடனுக்காக நீ எடுத்துக் கொடுத்த செல்ஃபியிலிருந்து முகத்தை வெட்டி யாரோ ஒருத்தி உடம்பில் ஒட்டியிருக்கிறான். பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. தெரியாமல் போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. மாமா கூப்பிட்டு, "அழிச்சிரட்டுமா அத்தான்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். "இப்போதைக்கு அழிக்காதே. யாருக்கும் தள்ளியும் விடாதே. அனுப்பின நம்பர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, போலீஸ் கேட்டால் காட்டு" என்றேன். அண்ணாச்சியிடமும் அதையே சொல்லிவிட்டேன். யார் யாருக்குப் போயிருக்கிறது என்று நினைத்து நீ ராத்திரி தூங்காமல் கிடப்பதாக அம்மா சொன்னாள். அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வை. மனுவில் அவர்கள் சாட்சிகள்.

நீ சொன்ன கணக்கையும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். செயலியில் கேட்டது 6,000. பிராசஸிங் ஃபீஸ், சர்வீஸ் சார்ஜ் என்று பிடித்துக்கொண்டு உன் கணக்குக்கு வந்தது 3,600. ஏழாம் நாள் 6,000 கட்டு என்கிறான். புதுப் பெயர் வைத்திருக்கிறான், அவ்வளவுதான். நம் ஊரில் இது முன்வட்டி. வாரத்துக்கு நூற்றுக்கு 66 ரூபாய்க்கு மேல் வருகிறது. இங்கே மீட்டர் வட்டிக்கு விடுகிறவனே இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். அதை அடைக்க அவனே காட்டிய இன்னொரு செயலி, அதை அடைக்க மூன்றாவது. மூன்றிலுமாக உன் கைக்கு வந்தது 11,800. இதுவரை நீ கட்டியது 27,000.

"வாங்கினதைக் கொடுக்க வேண்டாமா அப்பா?" என்று கேட்டாய். அப்படிக் கேட்கிற பிள்ளையாக இருப்பதால்தான் உன்னை இவ்வளவு தூரம் ஆட்டி வைக்கிறான். வாங்கியதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தாயிற்று. இனி ஒரு ரூபாய் கூடாது. கட்டினால் படத்தை நீக்கிவிடுவேன் என்கிறவன், கட்டிய மறுநாள் வேறு நம்பரில் வருவான். கட்டுகிறவளிடம்தானே திரும்பவும் கேட்க முடியும்? ஒவ்வொரு தடவையும் வேறு வேறு யுபிஐ ஐடிக்கு அனுப்பச் சொன்னான் என்றாயே, கடன் கொடுத்த நிறுவனமாக இருந்தால் பணம் அதன் சொந்தக் கணக்குக்கல்லவா போக வேண்டும்? சிபில், அதாவது கடன் மதிப்பெண், கெட்டுவிடும் என்கிறானாம். சிபிலுக்குத் தகவல் கொடுக்க வங்கியாகவோ, ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனமாகவோ இருக்க வேண்டும். பெயரும் முகவரியும் இல்லாதவன் அங்கே வாசலைக்கூட மிதிக்க முடியாது.

இதில் நீ ஏமாந்தது பெரிய அதிசயமும் இல்லை. 2021-இல் ரிசர்வ் வங்கி அமைத்த குழு, இந்தியாவில் ஆண்ட்ராய்டு போனுக்குக் கிடைத்த கடன் செயலிகளை எண்ணிப் பார்த்தபோது சுமார் 1,100 இருந்தன. அவற்றில் 600 சட்டவிரோதமானவை. பாதிக்கு மேல்! அதற்குப் பிறகுதான் விதிகள் வந்தன. கடன் தொகை பதிவான நிறுவனத்திலிருந்து நேராக வாங்குபவர் கணக்குக்கு வர வேண்டும். மொத்தச் செலவையும் ஒரே தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். செயலி உன் போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. வசூலுக்குக் கூப்பிடுகிறவன் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. உன்னை நடுராத்திரியில் கூப்பிட்டவன் எத்தனை விதியை மிதித்திருக்கிறான் என்று நீயே எண்ணிக்கொள்.

உன் அறைத்தோழியின் கதை வேறு, இதோடு கலக்காதே. அவள் வாங்கியது பதிவான நிதி நிறுவனத்தில். 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் கடன் செயலிகளின் பட்டியல் இருக்கிறது. நிறுவனங்கள் தாங்களே கொடுத்த விவரம்தான், ஆனாலும் எந்தச் செயலிக்குப் பின்னால் யார் என்று பார்க்க அது போதும். அவள் கடனைக் கட்டத்தான் வேண்டும். ஏஜெண்ட் திட்டினதற்கு முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதட்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது இந்த மாதிரிக் குறைகளை விசாரிக்கிற அதிகாரிக்கு, போகலாம், காசு கிடையாது. 14448-இல் விசாரித்தால் வழி சொல்வார்கள். உன்னை மிரட்டுகிற ஆட்களுக்கு அந்த வழி ஆகாது. பதிவில்லாதவனைப் பற்றி ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் ஒரு தகவல் போட்டுவை, ஆனால் உனக்கு உண்மையான வாசல் போலீஸ்தான்.

போலீஸ் என்றதும் நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். நான் மனு எழுத உட்காருகிற இந்தத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸையே எடுத்துக்கொள். 2017 அக்டோபரில், ஒரு திங்கட்கிழமை, குறைதீர் நாளில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே இந்த வளாகத்தில் உயிரை விட்டது. பலமுறை மனு கொடுத்துப் பார்த்தவர்கள். அன்றிலிருந்து திங்கட்கிழமை வருகிறவர்களின் பையை வாசலில் சோதிக்கிறார்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது, நினைவில் வை. சட்டம் இருந்தும் நடந்தது. ஆகவே மனு கொடுத்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. மனுவை எப்படிக் கொடுத்தால் ஓரமாகத் தள்ளி வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும், அதைத்தான் சொல்கிறேன்.

ஜனங்கள் என்னிடம் வந்து, "ஐயா, நல்லா உருக்கமா எழுதுங்க" என்பார்கள். உருக்கத்தை வைத்து எந்த அதிகாரியும் வழக்குப் போட முடியாது. அவருக்கு வேண்டியது தேதி, தொகை, நம்பர். உன் மனுவை நான் எழுதினால் இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"பொருள்: அனுமதியற்ற கடன் செயலி மூலம் மிரட்டிப் பணம் பறித்தல், ஆபாசமாக மாற்றிய படத்தைப் பரப்புதல் தொடர்பாக. ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். இன்ன தேதியில் இன்ன செயலி மூலம் எனது வங்கிக் கணக்கில் ரூ. 3,600 வரவு வைக்கப்பட்டது. கீழ்க்கண்ட தேதிகளில் கீழ்க்கண்ட யுபிஐ ஐடிகளுக்கு மொத்தம் ரூ. 27,000 செலுத்தியுள்ளேன். அதன் பின்னரும் கீழ்க்கண்ட எண்களிலிருந்து..."

இன்ன தேதி, இன்ன செயலி என்கிற இடங்களையெல்லாம் நீ நிரப்ப வேண்டும். மூன்று செயலிக்கும் தனித்தனிப் பத்தி. ஒவ்வொரு கட்டணத்துக்கும் 12 இலக்கத்தில் ஒரு யுடிஆர் எண் இருக்கும், அதை விடாதே. அந்த எண்ணைப் பிடித்துத்தான் பணம் எந்தக் கணக்கில் இறங்கியது என்று தேடுவார்கள். அவன் பேசிய கெட்ட வார்த்தையை "தகாத வார்த்தை" என்று பூசி மெழுகாமல், ஒன்றிரண்டை அப்படியே எழுது. உனக்குக் கூச்சமாக இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடு, நான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் போன். செயலியை அவசரப்பட்டு நீக்கிவிடாதே. கடன் தொகை, கெடு, அதிலிருக்கும் பெயர், மெயில் முகவரி எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள். பிறகு அனுமதிகளை அணைத்துவிட்டு நீக்கு. உள்ளே இருந்த நம்பர்கள் ஏற்கெனவே போய்விட்டன, அதற்காகச் சிம்மை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. உன் பெயரில் ஏதாவது வந்தால் திறக்க வேண்டாம் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் இரண்டு வரி அனுப்பு. மன்னிப்புக் கேட்டு நீட்டி முழக்காதே.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடு. கடைசியாகக் கட்டியது எப்போது என்றாலும் கூப்பிடு. பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் எதிராளி கணக்கிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம், நாளாகிவிட்டால் கஷ்டம்தான். அந்த 27,000 திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டு இருக்காதே. அதே புகாரை தேசிய சைபர் கிரைம் தளத்திலும் பதிவு செய், முகவரி: சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன். பெண்களுக்கு எதிரான குற்றத்தைப் பெயர் சொல்லாமலும் அங்கே தெரிவிக்கலாம். ஆனால் நீ பெயரோடு கொடு. அப்போதுதான் புகார் எங்கே நிற்கிறது என்று பின்தொடர முடியும்.

பிறகு நேரில். சைபர் கிரைம் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வாங்கியதற்கான ரசீது, போட்டுத் தருவார்கள். அதை வாங்காமல் வெளியே வராதே. வாங்கியதோடும் விட்டுவிடாதே, எஃப்.ஐ.ஆர். எப்போது என்று கேள். "இது எங்க லிமிட் இல்லம்மா" என்றால், 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவில் எங்கே நடந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று இருக்கிறது என்று பணிவாகச் சொல். வாங்கவே மறுத்தால், சுருக்கத்தை எழுதி மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்ப அதே பிரிவில் வழி உண்டு, அதற்கும் பிறகு மாஜிஸ்திரேட் இருக்கிறார். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள். நான் காலமெல்லாம் சொல்லிவந்த பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் அதோடு சேர்த்துவிட்டார்கள். மிரட்டிப் பணம் பறித்தலுக்கு புதிய குற்றவியல் சட்டத்தில் பிரிவு 308, குற்றமுறு மிரட்டலுக்கு 351, படத்துக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 67. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. பிரிவைப் போடுவது அவர்கள் வேலை, இருந்தாலும் உனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

சி.பி.ஐ. என்றும் வக்கீல் நோட்டீஸ் என்றும் ஏதாவது வாட்ஸ்அப்பில் வந்தால் அதையும் மனுவோடு இணைத்துவிடு, பதில் போடாதே. வாட்ஸ்அப்பில் கைது என்று ஒன்று கிடையாது.

ஏளா, இன்னொன்று. மனசு தாங்கவில்லை என்றால், எங்களிடம் சொல்ல முடியாத மாதிரி ஏதாவது தோன்றினால், 14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது, எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். அறையில் தனியாக இருக்காதே, தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொள். நான் உட்காருகிற இடத்திலிருந்து இதைச் சொல்கிறேன், ஏன் என்று உனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், சனிக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்குவேன். அதற்குள் வங்கிக்குப் போய் கடந்த ஆறு மாத ஸ்டேட்மெண்டை சீல் போட்டு வாங்கி வை. ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தேதி வரிசைப்படி பிரிண்ட் எடுத்து, இரண்டு செட் போடு. ஆதார் நகலும் இரண்டு. 1930-இல் கொடுத்த புகார் எண்ணை எனக்கு இன்று ராத்திரிக்குள் அனுப்பு. மனு எழுதத் தாள் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா