சேலத்துக் கட்டட மேஸ்திரிகளுக்கு ஒரு சாயப்பட்டறைக்காரனின் திறந்த மடல்

மேஸ்திரி அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். கழிவுநீர்த் தொட்டியின் உள்பூச்சு மூன்றே வருஷத்தில் உப்பி வெடித்துவிட்டது. விரலால் சுரண்டினால் மாவாகக் கொட்டுகிறது. வந்து பார்த்த மேஸ்திரி, "சாம்பல் சிமெண்ட் போட்டதுதான் தப்பு, இந்தத் தடவை 53 கிரேடு ஓபிசி போட்டுடலாம்" என்றார். விசாரித்தால் உங்களில் பலரும் அதையேதான் சொல்கிறீர்கள். (சாம்பல் சிமெண்ட் என்றால் நிலக்கரி எரிசாம்பல் கலந்தது; ஓபிசி என்றால் அது கலக்காத சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்.)

சாயம் நூலில் ஏறுவதற்கு நாங்கள் போடும் கிளாபர் உப்பு, சோடியம் சல்பேட். அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமைத் தாண்டும். சிமெண்ட் இறுகும்போது சுண்ணாம்பு வெளிவரும். சல்பேட் அதோடு சேர்ந்தால் ஜிப்சம். அந்த ஜிப்சம் சிமெண்டில் இருக்கும் அலுமினேட்டோடு சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகம். இறுகிய பூச்சுக்குள் அது வளர இடம் ஏது? பிளந்துகொண்டுதான் வளரும்.

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் கிடைப்பது போன்ற எரிசாம்பல், அந்தச் சுண்ணாம்பைத் தின்று துளைகளை அடைக்கும் பசையாக்கிவிடும். இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்டும் சல்பேட்டுக்கு நல்லதுதான். கசடு பாதிக்கு மேல் இருந்தால் இன்னும் நன்றாகத் தாங்கும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-லேயே குறிப்பு உண்டு. ஆனால் சாம்பலுக்கு அவசரம் ஆகாது. வாரக்கணக்கில் ஈரம் வேண்டும்.

சோதனைக்கூடத்தில் சாந்தில் வார்த்த சிறு கட்டைகளை லிட்டருக்கு 50 கிராம் சோடியம் சல்பேட் கரைசலில் ஊறப்போட்டு, நீளம் எவ்வளவு கூடுகிறது என்று மாதக்கணக்கில் அளப்பார்கள். ஏறக்குறைய எங்கள் சாயத் தொட்டிதான்! (அலசல் நீரும் சேர்வதால் கழிவுத் தொட்டியில் அடர்த்தி குறையும், அது வேறு.) ஆனால் அங்கே சாந்து 20 மெகாபாஸ்கல் வலு பெற்ற பிறகுதான் கரைசலில் இறக்குவார்கள். என் தொட்டியில் ஐந்தாம் நாளே கழிவுநீர் விட்டோம். அவசரப்பட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். வேண்டாம் என்று தடுக்கவும் ஆள் இல்லை. சரி, இதில் சாம்பல் என்ன பாவம் செய்தது?

அதற்காகச் சாம்பல் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. வெள்ளைக்கல் (மக்னீசியம் உள்ள மேக்னசைட்) பூமியான நம் ஊரில் கிணற்று நீரில் மக்னீசியம் புதிதல்ல. அதோடு சல்பேட்டும் கூடினால், சுண்ணாம்பு தீர்ந்துபோன சாந்தில் சிமெண்ட் பசையையே அரித்துவிடும். நிலத்தடி நீரில் சல்பேட், சல்பர் டிரைஆக்சைடு கணக்கில் லிட்டருக்கு 5 கிராமைத் தாண்டினால், சல்பேட் தாங்கும் சிமெண்டோடு மேலே பாதுகாப்புப் பூச்சும் போடச் சொல்கிறது ஐஎஸ் 456. என் தொட்டி எந்த ரகம் என்று தண்ணீரைச் சோதித்தால்தானே தெரியும்? மூட்டையின் பெயரைப் பார்த்துத் தெரியாது.

அடுத்த மாதம் பழைய பூச்சைக் கொத்திவிட்டு மறுபடி பூசப்போகிறேன். மதிப்பீட்டுத் தாளில் 'முதலில் தண்ணீர்ச் சோதனை', 'சாம்பலோ கசடோ கலந்த சிமெண்ட் என்றால் 14 நாள் ஈரச்சாக்கு' என்று இரண்டு வரி எழுதித் தருபவருக்குத்தான் வேலை. அந்த நாட்களில் பட்டறையை நிறுத்திவைக்க நான் தயார்.

இப்படிக்கு,
கொண்டலாம்பட்டிச் சாயப்பட்டறைக்காரன்