காராக் அவர்களுக்கு: நீங்கள் சொன்ன இரண்டாவது கதையைப் பற்றி

மதிப்பிற்குரிய எலிம் காராக் அவர்களுக்கு,

வணக்கம். 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தில், 1993-இல், ஒரே ஓர் அத்தியாயத்தில் மட்டும் தலைகாட்டிய தையற்காரர் நீங்கள். அதன் பிறகு ஏழாம் பருவத்தின் இறுதி வரை தொடர்ந்து வந்தும், முகப்பில் ஓடும் முதன்மை நடிகர் பட்டியலில் உங்களுக்கு இடம் தரப்படவே இல்லை. ஆயினும் அந்தத் தொடரைப் பற்றி நண்பர்களிடம் பேச வாயெடுத்தால், எனக்கு முதலில் வருவது தளபதி சிஸ்கோவின் பெயரல்ல, உங்கள் பெயர்தான்.

உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இக்கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். பஜோர் கிரகத்தைப் பல பத்தாண்டுகள் ஆக்கிரமித்திருந்த கார்டாசியர்கள் வெளியேறியபோது, அவர்கள் கட்டிய விண்வெளி நிலையத்தில் தங்கிவிட்ட ஒரே கார்டாசியர் நீங்கள். அப்சிடியன் ஆர்டர் என்ற உளவு அமைப்பில் பெரும்புள்ளியாக இருந்தவர், ஏதோ ஒரு குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டு, உங்கள் இனத்தையே வெறுக்கும் மக்களுக்கு நடுவில் துணி தைத்துப் பிழைத்தீர்கள். அந்தக் குற்றம் என்ன என்பதைத் தொடர் கடைசி வரை சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக, ராபர்ட் ஹியூவிட் வுல்ஃப் எழுதி 1994-இல் ஒளிபரப்பான 'தி வயர்' அத்தியாயத்தில் மூன்று கதைகள் கிடைத்தன. சித்திரவதையைத் தாங்குவதற்காக உங்கள் மூளையில் பொருத்தப்பட்ட கருவியை நீங்கள் நிலைய வாழ்க்கையைத் தாங்குவதற்குப் பயன்படுத்தி, இரண்டு ஆண்டுகள் அணைக்காமலே ஓடவிட்டிருந்தீர்கள். அது பழுதாகி உயிருக்குப் போராடும்போது மருத்துவர் ஜூலியன் பஷீரிடம் சொன்ன கதைகள் அவை. முதல் கதையில், தப்பியோடிய பஜோர்க் கைதிகள் ஏறியிருந்த விண்கலத்தைத் தகர்க்க உத்தரவிட்டீர்கள். உங்கள் உதவியாளர் எலிமும் 97 கார்டாசியப் பொதுமக்களும் அதில் மாண்டார்கள். மூன்றாவதில், எலிம் உங்கள் பால்ய நண்பன், கைதிகளைத் தப்பவிட்ட பழி உங்கள் மேல் விழும் என்று அஞ்சி, ஆவணங்களைத் திருத்தி, சாட்சியங்களை ஜோடித்து அவனை மாட்டிவிடப் பார்த்தீர்கள், அவன் முந்திக்கொண்டான். எலிம் என்பது உங்களுடைய சொந்தப் பெயர் என்று அப்சிடியன் ஆர்டரின் முன்னாள் தலைவர் எனப்ரான் டெய்ன் பிறகு பஷீரிடம் போட்டு உடைத்ததும், கொன்றவர், கொல்லப்பட்டவர், காட்டிக்கொடுத்தவர் எல்லாமே ஒருவர்தான் என்றாகிறது. எது உண்மை என்று பஷீர் கேட்டதற்கு, எல்லாமே உண்மை, குறிப்பாகப் பொய்கள்தான் என்று பதில் சொன்னீர்கள். ரசிகர்கள் இந்தப் பதிலைக் கொண்டாடி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

நான் நம்புவது இரண்டாவது கதையை. அதில் நீங்களும் எலிமும் ஐந்து பஜோர்ச் சிறுவர்களை விசாரிக்கிறீர்கள். ஒருவருக்கும் பதினான்கு வயதுக்கு மேல் இல்லை. இடிபாடுகளில் வாழ்ந்து தெருவில் பொறுக்கித் தின்ற அவர்களுக்கு எதுவும் தெரியாது. அறை குளிரில் உறைந்துகிடக்கிறது. திடீரென்று இந்த விசாரணையே அர்த்தமற்றதாகத் தோன்ற, பையில் இருந்த பணத்தைக் கொடுத்துக் கதவைத் திறந்து அவர்களை வெளியே தள்ளிவிடுகிறீர்கள். இரக்கப்பட்டதில் தவறில்லையே என்று பஷீர் சொன்னதும் உங்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. இரக்கமா? குளிரும் பசியும்தான் காரணம், வெந்நீர்க் குளியலுக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் ஆசைப்பட்டுக் கடமை தவறிய முட்டாள் நான் என்கிறீர்கள்.

மற்ற இரு கதைகளிலும் உங்கள் குற்றத்தை விரித்துச் சொல்லும் நீங்கள், இதில் மட்டும் ஒரு நற்செயலை மறைக்கப் படாதபாடு படுகிறீர்கள். பொய் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர் செய்த நல்லதற்கு அவசரமாகச் சாக்கு தேடினால், அந்த இடத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்தச் சாக்கும் வெறும் சாக்கல்ல. நிலைய வாழ்க்கை ஏன் சித்திரவதை என்று அதே அத்தியாயத்தில் பஷீரிடம் சொல்லும்போது, எப்போதும் குளிர், எப்போதும் கண் கூசும் வெளிச்சம் என்றுதான் குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். அந்தச் சிறுவர்களின் அறையில் அடித்த குளிர் அதற்குப் பிறகு உங்களை விடவே இல்லை.

1995-இல் டெய்னிடம் திரும்பிச் சேர்ந்து, அவர் கட்டளைப்படி, நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரியும் உருமாறும் இனத்தவருமான ஓடோவைச் சித்திரவதை செய்தபோதும் இதையே கண்டேன். உருமாற முடியாமல் அவர் உடல் செதில் செதிலாக உதிர, ஏதாவது சொல்லுங்கள், பொய்யாவது சொல்லுங்கள் என்று கெஞ்சியவர் விசாரணை அதிகாரியான நீங்கள்.

உங்களை நல்லவராக்கிவிட இதை எழுதவில்லை. 1998-இல் ரோமுலன் செனட்டர் வ்ரீனாக்கின் கலத்தில் குண்டு வைத்துவிட்டு, கொதித்து வந்த சிஸ்கோவிடம் வரவு செலவுக் கணக்குப் போல விளக்கிய ஆளும் நீங்கள்தான். அங்கே குளிரும் இல்லை, பசியும் இல்லை. உங்களைக் கருணையுள்ளம் படைத்தவராகவே வரைந்துகொள்ளும் ரசிகர்கள் அந்த அத்தியாயத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

உங்களாக நடித்த ஆண்ட்ரூ ராபின்சன், ரசிகர் மாநாடுகளில் வாசிக்க உங்கள் பெயரில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு, 2000-இல் 'எ ஸ்டிட்ச் இன் டைம்' என்ற நாவலாக வந்தது. பஷீருக்கு நீங்கள் எழுதும் நீண்ட கடிதமாக அமைந்த அந்நூல், டெய்ன் வீட்டுப் பணிப்பெண் மிலாதான் உங்கள் தாய் என்று உறுதிசெய்கிறது. நன்றாக எழுதப்பட்ட நூல்தான். ஆனால் அந்த உறுதி எனக்கு வேண்டியிருக்கவில்லை. இறுதி அத்தியாயத்தில், எதிரிப் பேரரசான டொமினியனின் ஜெம்ஹடார் வீரர்கள் மிலாவின் உடலை மாடிப்படியில் உருட்டிவிடும்போது உங்கள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு சான்று எதற்கு?

டெய்ன் விஷயத்தில் தொடர் இன்னும் சிக்கனமானது. டொமினியன் சிறைமுகாமில் பார்வை இழந்து சாகக் கிடக்கும் அவரிடம், இந்த ஒரு கணமாவது மகனாக இருக்க விடுங்கள் என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு ஐந்து வயது நிரம்பாத காலத்தில், நாட்டுப்புறத்தில் கழிந்த ஒரே ஒரு நாளை அவர் நினைவுகூர்கிறார்: சவாரி நாயின் முதுகிலிருந்து திரும்பத் திரும்ப விழுந்தும் நீங்கள் விடவில்லை. நொண்டிக்கொண்டே வீடு திரும்பியபோது அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டதை நீங்கள் நினைவூட்டுகிறீர்கள். ஒரு குழந்தைப் பருவம் முழுவதற்கும் இந்த ஒரு நாள்தான் கணக்கில் இருக்கிறது. இப்படி வளர்ந்த ஒருவர், தான் இரக்கப்பட்டதை வயிற்றுப் பசி என்று பதிவுசெய்யாமல் வேறு எப்படிப் பதிவுசெய்வார்?

கடைசியாக ஒரு கேள்வி. அந்த ஐவரும் பிழைத்திருந்தால், நீங்கள் கடை நடத்திய காலத்தில் வாலிபர்களாகியிருப்பார்கள். நிலையத்தின் கடைவீதியில் நாள்தோறும் பஜோர்மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்றாவது அளவு கொடுக்க உங்கள் கடைக்கு வந்ததுண்டா? வந்திருந்தால், யார் முதலில் அடையாளம் கண்டது, அவருக்கு நீங்கள் என்ன கதை சொன்னீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்