ஸ்டம்பிங்குகளையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சேப்பாக்கத்தின் சிறந்த பந்துவீச்சுகள் என்றதும் 1988 ஜனவரியில் சுழற்பந்து வீச்சாளர் நரேந்திர ஹிர்வானி வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக அறிமுக டெஸ்டிலேயே 136 ரன்னுக்கு எடுத்த 16 விக்கெட்டுகள்தான் முதலில் வரும். முதல் இன்னிங்சில் 61-க்கு 8, இரண்டாவதில் 75-க்கு 8. எல்லாப் பட்டியலும் அத்தோடு நின்றுவிடுகிறது. ஸ்டம்பிங் என்றால், கோட்டை விட்டு இறங்கி வந்த பேட்ஸ்மேன் தவறவிட்ட பந்தை விக்கெட் கீப்பர் பிடித்து, ஸ்டம்பின் மேலுள்ள பெயில்ஸைத் தட்டி அவுட்டாக்குவது. அந்த டெஸ்டில் கீப்பர் கிரண் மோரே செய்த ஆறு ஸ்டம்பிங்குகளில் ஐந்து இரண்டாவது இன்னிங்சில் மட்டும் வந்தவை. 1952-ல் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி கண்ட இதே மைதானத்தில் வினு மன்கட் தன் சுழற்பந்தால் 55 ரன்னுக்கு 8 எடுத்தபோதும் நான்கு பேர் ஸ்டம்பிங், கீப்பர் பி. சென்.

இது தற்செயல் அல்ல. மேலே தூக்கிப் போட்ட பந்து, இறங்கி வரும் பேட்ஸ்மேன் கணித்த இடத்துக்கு ஓரடி முன்பே விழுந்து திரும்பும். மட்டை காற்றை வெட்டும். அங்கே கீப்பர் உட்கார்ந்த நிலையிலிருந்து பந்து எழும்பும்போது கூடவே எழ வேண்டும்; அரை நொடி முந்தி எழுந்தால் கையுறைக்கு அடியில் பந்து போய் நான்கு பைஸ் (மட்டையில் படாமலே எதிரணிக்குக் கிடைக்கும் ரன்). கால் பக்கம் போகும் கூக்ளி (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் லெக் ஸ்பின் பந்து) என்றால் பேட்ஸ்மேனின் உடம்பே பந்தை மறைத்துவிடும். ஒன்றைப் பிடிப்பதே பாடு, மோரே பிடித்துப் பிடித்து பெயில்ஸைத் தட்டினார்!

இனி புள்ளிவிவரம் வெளியிடும்போது ஒவ்வொரு விக்கெட்டும் எந்த வகையில் விழுந்தது என்பதையும், கீப்பர் பெயரையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறேன்.

— வாசகர், சென்னை